கம்ப்யூட்டர் கைவைத்தியம் – 17: முதலில் கேபிளைக் கழற்றுங்கள்

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய பிராசஸர் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. யானைக்கவுனி, தங்கசாலை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது கூடுதல் செலவு. சென்ட்ரலைத் தாண்டிப் போய் ரிச்சி தெருவில் மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி. வாங்கிப் புதிதாக அசெம்பிள் செய்தாலும், பழைய பெட்டியிலிருந்த டிவிடி ரைட்டரைத் தூக்கி எறிய மனம் வருவதில்லை. மகள் கல்யாண வீடியோவும் பழைய வருஷத்துக் கணக்கு பேக்கப்பும் டிவிடியில்தானே இருக்கின்றன! அதையும் புதுப் பெட்டியில் மாட்டிவிடுகிறார்கள்.

அப்புறம்தான் புலம்பல் ஆரம்பம். பட்டென்று எழ வேண்டிய மெஷின் கம்பெனி லோகோவிலேயே நிற்கிறது. ஃபோல்டரைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வைரஸ் என்கிறார் ஒருவர். ஃபார்மட் அடி என்கிறார் இன்னொருவர். ராம் போதாது என்று மூன்றாமவர் செலவு வைக்கிறார்.

பைசா செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, டிவிடி டிரைவின் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். மறுபடி ஆன் செய்யுங்கள். வேகம் திரும்பிவிட்டதா? ராமுக்கு வைத்திருந்த பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

16எக்ஸ் டிவிடி டிரைவ் உச்சத்தில் வினாடிக்குச் சுமார் 22 மெகாபைட் படிக்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட்டைத் தொடும். டிரைவ் மெதுவானது என்பது சரி, மற்றதெல்லாம் ஏன் நிற்க வேண்டும்? காத்திருப்பதால்தான். ஆன் செய்தவுடன் பயாஸ் ஒவ்வொரு போர்ட்டிலும் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறது. வயதான டிரைவ் தட்டைச் சுற்றி, லென்ஸைச் சரிசெய்து, பதில் சொல்ல நேரமாகிறது. உள்ளே கீறல் விழுந்த தட்டு கிடந்தால், படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும். விண்டோஸும் அதுவரை வாசலில் நிற்கும்.

ஆகவே ட்ரேயைத் திறந்து மறந்துபோன தட்டு கிடக்கிறதா என்று பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீரும் என்பது என் கணிப்பு. அடுத்து பயாஸில் பூட் வரிசை: எஸ்.எஸ்.டி. முதலில் வரட்டும். சில மதர்போர்டுகளில் சிப்செட்டின் சாட்டா போர்ட்டுகளோடு, தனிச் சிப் ஒன்றின் போர்ட்டுகளும் இருக்கும். இந்தத் தனிப் போர்ட்டுகள் சில டிவிடி டிரைவ்களோடு ஒத்துப்போவதில்லை. சிப்செட் போர்ட்டுக்கு மாற்றுங்கள். கேபிளையும் புதிதாகப் போடுங்கள். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் வாசகர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: உப்புக்காற்றில் பின்கள் களிம்பேறும். ஈவென்ட் வியூவரில் 129 என்ற எண்ணோடு 'ரீசெட்' எச்சரிக்கை வரிசையாக இருந்தால், ஏதோ ஒரு டிரைவ் பதில் சொல்லாமல் இருக்கிறது. கேபிளிலிருந்து ஆரம்பியுங்கள்.

பழைய கணக்குக்காக இன்னும் எக்ஸ்பி மெஷினை வைத்திருப்பவர்களுக்கு வேறு வியாதி. அந்தக் கால ஐ.டி.இ. பட்டைக் கேபிளில் ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் சேர்ந்திருந்தால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். யானைக்கவுனித் தெருவில் மீன்பாடி வண்டி முன்னால் போனால் பின்னால் வரும் கார் என்ன செய்யும், அதே கதைதான். இரண்டையும் தனித்தனிக் கேபிளில் போடுவது உத்தமம். இதைவிட மோசமான ஒன்று: ஆறு தடவை பிழை சேர்ந்துவிட்டால், எக்ஸ்பி அந்த டிரைவின் வேகத்தை ஒரு படி குறைத்துவிடும். பிழை தொடர்ந்தால் கடைசியில் 'பி.ஐ.ஓ.' நிலை. அதில் டேட்டாவை பிராசஸரே சுமக்க வேண்டும். மற்ற வேலை படுத்துவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் பழைய வேகம் வரும். கேபிள் கோளாறு அப்படியே இருந்தால், சில நாளில் மறுபடி அதே கூத்து.

டிரைவ் நல்லதாக இருந்தும் கல்யாண டிவிடி மட்டும் படுத்துகிறதா? ஸ்டூடியோக்காரர் மணமக்கள் படத்தோடு ஒட்டிக்கொடுத்த ஸ்டிக்கரைப் பாருங்கள். ஓரம் சற்றுக் கோணலானாலும், அதிவேகத்தில் சுழலும்போது தட்டு ஆடும். டிரைவ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். பாதி பிய்ந்து நின்றால் ஆட்டம் இன்னும் கூடும்.

புதுப் பெட்டிக்குள் பழைய டிரைவ் தேவையே இல்லை என்பதுதான் என் தீர்ப்பு. யூ.எஸ்.பி.யில் செருகும் வெளி டிரைவ் ஒன்று போதும். வேலை முடிந்ததும் கழற்றி வைக்கலாம். சோனி 2025 பிப்ரவரியில் பதிவு செய்யும் ப்ளூரே தட்டுகளின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. டிரைவ்களும் இனி எளிதாகக் கிடைக்கப்போவதில்லை. டிவிடியில் இருப்பதை இந்த மாதமே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் காப்பி செய்துவிடுங்கள்.

அடுத்த வாரம்: கீறல் விழுந்த தட்டிலிருந்து மீட்க முடிந்தவை, முடியாதவை.