ஏட்டில் எழுதிய பெயரும் மண்ணில் நின்ற மக்களும்

நாபோத்து தன் முன்னோரின் சுதந்தரத்தை விட்டுக்கொடுக்க மறுத்தபோது, யேசபேல் படையை அனுப்பவில்லை. அரச முத்திரையிட்ட கடிதங்களையே அனுப்பினாள். அவை அவனைக் குற்றவாளியாக்கின (1 இராஜாக்கள் 21). மண்ணின் மக்களை ஏட்டின்வழி வீழ்த்தும் இம்முறை மதுரைச் சமவெளியிலும் கையாளப்பட்டது.

மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டியைச் சுற்றி, எட்டு நாடுகளாக அமைந்து வாழ்பவர் பிறமலைக் கள்ளர். ஊர்க்காவலும் உழவும் அவர்தம் தொழில்கள். 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1914இல் கீழக்குயில்குடியிலும், 1918இல் அச்சமூகம் முழுவதன் மீதும் ஏவப்பட்டது. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் அதிகாரிகள் முன் ஆஜராக வேண்டும். வெளியூர் செல்லச் சீட்டுப் பெற வேண்டும். பிறப்பே குற்றமாயிற்று. கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில், மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது.

இது நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் லெனாப்பே, நான்டிகோக் மக்களுள் பெரும்பாலோர் தம் தாயகத்தினின்று மேற்கே துரத்தப்பட்டனர். எஞ்சி நின்றோரைப் பதிவேடுகள் 'நிறத்தவர்' என்றெழுதி, இந்தியரே இல்லை என்றாக்கின. அவர்களோ டெலவேரிலும் நியூஜெர்சியிலும் சிறு ஆலயங்களைச் சூழ்ந்து, உறவு விடாது வாழ்ந்தனர். நியூஜெர்சி 1982இல் அவர்களை ஏற்றது; பின்னர் அது மறுக்கப்பட, வழக்காடி 2018இல் மீண்டும் உறுதி பெற்றனர்.

இங்கும் நிலைத்திருப்புக்குத் துணையானவை உறவும் வழிபாடுமே. மாசி மாதச் சிவராத்திரியில் குலதெய்வக் கோயிலுக்குத் திரும்பும் பங்காளிகள், எவ்வேடும் அழிக்க இயலாத தங்கள் வம்சாவளியை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றனர்.

இதில் கிறிஸ்தவர்கள் இரு பக்கமும் நின்றனர். மாகாணத்தின் வடபகுதியில், இச்சட்டத்தின்கீழ் அமைந்த ஸ்டூவர்ட்டுபுரம் குடியிருப்பை இரட்சணிய சேனை நடத்தியது. மதுரையிலோ, செங்கன்னூரில் பிறந்த சிரியன் கிறிஸ்தவரான வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் கள்ளருக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என அம்மக்கள் அவரை இன்றும் நினைவுகூர்கின்றனர். ஒருபக்கத்தார் அரசின் ஏட்டை நம்பி மக்களைச் சீர்திருத்த முனைந்தனர். அவரோ மக்களை நம்பி அந்த ஏட்டையே எதிர்த்தார்.

ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் நம் கையிலும் உள்ளன. ஒரு மக்களைக் குறித்து எழுதுமுன், அவர்கள் தங்களை எப்பெயரால் அழைக்கின்றனர் என்று கேட்பது ஆயர் பணியின் ஒரு பகுதியே. நாபோத்தின் ஊர் மூப்பர்கள் அதைச் செய்யவில்லை. முத்திரையைக் கண்டதும் கீழ்ப்படிந்தனர்.