எலிக்குக் குணம், மனிதருக்கு?

குடல் அழற்சியைத் தணிக்கும் மிகச்சிறிய மூலக்கூறு ஆய்வகத்தில் நம்பிக்கை தருகிறது. ஆனால் விற்பனை ஆய்வை முந்திக்கொண்டுவிட்டது.

வயிற்று வலி, ரத்தம் கலந்த பேதி, நாளுக்குப் பலமுறை கழிவறை ஓட்டம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனும் பெருங்குடல் புண் நோய் முற்றினால் வாழ்க்கை இப்படித்தான். மருந்துகள் நோயை அடக்கி வைக்கும். அடியோடு தீர்க்கும் மாத்திரை இல்லை.

இந்த அழற்சிக்கு விஞ்ஞானிகள் மருந்து தேடிய இடம் விசித்திரமானது: தோலுக்கு நிறம் கூட்டும் ஹார்மோன். ஆல்ஃபா எம்.எஸ்.எச். எனப்படும் அது, 13 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு. அழற்சியையும் தணிக்கும். ஆனால் தோலைக் கறுப்பாக்கும். அதன் வால்பகுதியிலுள்ள லைசின், புரோலின், வாலின் ஆகிய மூன்றை மட்டும் பிரித்தெடுத்தால், அழற்சியைத் தணிக்கும் குணம் தங்குகிறது. கறுப்பாக்கும் குணம் போய்விடுகிறது. இந்தத் துண்டின் பெயர் கே.பி.வி. தோல் ஒவ்வாமையிலும் இதை எலிகளிடம் சோதித்திருக்கிறார்கள்.

2008இல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் டிடியே மெர்லின் குழு, குடிநீரில் கே.பி.வி. கலந்து எலிகளுக்குக் கொடுத்தது. குடல் அழற்சி குறைந்தது. காரணம், பெப்டி-1 என்ற 'வாசல்'. சிறுகுடலில் உணவின் புரதத் துணுக்குகளை உள்ளே விடும் இது, ஆரோக்கியமான பெருங்குடலில் அநேகமாக இருப்பதில்லை. அழற்சி வந்தால் அங்கேயும் முளைக்கிறது. அந்த வழியே செல்லுக்குள் நுழையும் கே.பி.வி., அழற்சியை முடுக்கும் சமிக்ஞைகளை அடக்குகிறது. நோய் இருக்கும் இடத்தில்தான் மருந்துக்குக் கதவு திறக்கிறது! 2017இல் மெர்லினும் சகாக்களும் கே.பி.வி.யை நுண்துகள்களில் அடைத்துப் பெருங்குடலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அதுவும் எலிகளில்தான்.

சிக்கல் இங்கேதான். எலிக்கு ரசாயனம் கொடுத்துச் சில நாட்களில் வரவழைக்கும் அழற்சி வேறு; மனிதரிடம் வருடக்கணக்கில் தணிந்து தணிந்து திரும்பும் நோய் வேறு. ஆனால் கே.பி.வி. மாத்திரையாகவும் ஊசியாகவும் களிம்பாகவும் இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற சீட்டு சில புட்டிகளில் சட்டத்துக்காக ஒட்டப்பட்டிருக்கும். மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த தரவு எதுவும் கிடைக்கவில்லை என்று 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது.

புட்டியை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துபவருக்கு நோய் மீண்டும் சீறக்கூடும். நெடுநாள் அடங்காத அழற்சி, பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தையும் கூட்டும்.

கே.பி.வி. நாளை நல்ல மருந்தாகலாம். அதுவரை, காசு கொடுத்துச் சோதனை எலியாவது வாங்குபவர்தான்.