இலவச வைத்தியத்தின் விலை

வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்தால் எல்லோரும் வாய்விட்டுக் கேட்கும் கேள்வி ஒன்று. மனத்திற்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் கேள்வி மற்றொன்று. "என்ன வியாதி?" என்பது முதலாவது. "எவ்வளவு செலவாகும்?" என்பது இரண்டாவது. இந்த இரண்டாவது கேள்விக்கு அஞ்சி, வைத்தியரிடம் போகாமலே நாளைக் கடத்தி, முடிவில் உயிரையே விலையாகக் கொடுத்தவர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. அந்தக் கேள்வியை நோயாளியின் படுக்கையருகிலிருந்து அகற்றியே தீருவது என்று ஒரு தேசம் துணிந்தது. அது பிரிட்டன். நம்மை அடக்கி ஆண்ட தேசம் என்பதற்காக அதன் நற்செயலை நாம் பாராமல் இருப்பதற்கில்லை. நற்செயல் என்பதற்காக அதன் கணக்கைப் பாராமல் விடுவதற்கும் இல்லை.

1911-ஆம் வருஷத்திலேயே லாயிட் ஜார்ஜ் ஒரு சட்டம் கொண்டு வந்திருந்தார். அதன்படி குறைந்த சம்பளக்காரத் தொழிலாளிகள் வாராவாரம் சிறு தொகை கட்டி டாக்டரின் உதவியைப் பெறலாயினர். ஆனால் அந்த உதவி சம்பாதிக்கிறவனோடு நின்றுவிட்டது. அவன் மனைவிக்கோ மக்களுக்கோ காய்ச்சல் வந்தால் காசு கொடுத்துத்தான் வைத்தியம். குடும்பத்தில் மற்றவர் தேவையெல்லாம் தீர்ந்த பிறகே தன் உடம்பைக் கவனிக்கும் தாய்மார்கள் நம் நாட்டில் மட்டுமா இருக்கிறார்கள்?

யுத்தம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த 1942 டிசம்பரில் ஸர் வில்லியம் பெவரிட்ஜ் தமது புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். வறுமை, வியாதி, அறியாமை, அசுத்தம், வேலையின்மை என்னும் ஐந்து அரக்கர்களை ஒழிக்கவேண்டும் என்றது அது. யுத்தம் முடிந்து தொழிற்கட்சி பதவி ஏற்றதும் வியாதி என்னும் அரக்கனோடு போர் புரியும் பொறுப்பு அனைரின் பெவனிடம் வந்தது. அவர் வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியின் மகன். தாமே பதின்மூன்றாவது வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். அவர் சுகாதார மந்திரியாயிருந்து சமைத்த தேசீய சுகாதார சேவை 1948 ஜூலை 5-ந் தேதி பிறந்தது. அன்று முதல் ஏழை, பணக்காரன் என்ற பேதமின்றி டாக்டரும், ஆஸ்பத்திரியும், மருந்தும், பல்லும், மூக்குக் கண்ணாடியும் நோயாளியிடம் கட்டணமின்றிக் கிடைத்தன. செலவு முக்கியமாகப் பொது வரியிலிருந்து வந்தது.

முதல் விலையை அந்தத் திட்டம் பிறப்பதற்கு முன்பே கொடுக்கவேண்டியிருந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களாக மாற டாக்டர்கள் விரும்பவில்லை. 1948 பிப்ரவரியில் அவர்களுடைய சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்தில் ஒன்பது பேர் சட்டத்தை எதிர்த்தார்கள். ஆஸ்பத்திரி நிபுணர்கள் சேவையில் சம்பளம் பெற்றுக்கொண்டே, அதே ஆஸ்பத்திரியில் சொந்த நோயாளிகளிடம் பணம் வாங்கியும் வைத்தியம் செய்யலாம் என்று பெவன் விட்டுக்கொடுத்தார். அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்ததாக அவரே சொன்னார் என்பார்கள். சமத்துவத்துக்காக எழுப்பிய மாளிகையில் பணக்காரருக்கென்று ஒரு பக்கவாசல் இப்படித்தான் ஏற்பட்டது.

இரண்டாவது விலை, கணக்குத் தவறியது. வைத்தியம் பெருகப் பெருக வியாதி குறையும். ஆகவே செலவு ஏறாது என்று பெவரிட்ஜ் நம்பினார். 1945-இல் 17 கோடி பவுன் என்றால் 1965-லும் அதே 17 கோடிதான் என்று அவருடைய அறிக்கை மதிப்பிட்டிருந்தது. நடந்தது என்ன? முதல் வருஷத்திலேயே 50 லட்சத்துக்கு மேற்பட்ட மூக்குக் கண்ணாடிகள் கொடுக்கவேண்டியிருந்தது. இரண்டு வருஷங்களுக்குள் மொத்தச் செலவு 40 கோடி பவுனைத் தாண்டிற்று. ஜனங்கள் பேராசைப்பட்டார்கள் என்று சிலர் பரிகசித்தனர். ஆனால் எழுத்துத் தெரியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டும், சொத்தைப் பல்லின் வலியைப் பொறுத்துக்கொண்டும் பல்லாண்டு வாழ்ந்தவர்கள் அன்றுதான் வாசலுக்கு வந்தார்கள். அந்தச் செலவு புதிதாக முளைத்ததன்று. ஏழைகளின் உடம்பில் அதுகாறும் மறைந்திருந்த கடனே அது.

1951-இல் கொரியா யுத்தத்தை ஒட்டி மூன்று வருஷங்களில் 470 கோடி பவுன் ஆயுதங்களுக்குச் செலவிடப் பிரிட்டன் தீர்மானித்தது. நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல், பொய்ப்பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிகளுக்கும் பாதி விலையை நோயாளியே தரவேண்டும் என்றார். அதனால் முதல் வருஷத்தில் வரக்கூடியது சுமார் 1 கோடியே 30 லட்சம் பவுன். தொகை சிறிது, கொள்கை பெரிது என்று கருதிய பெவன் ஏப்ரல் மாதத்தில் ராஜினாமாச் செய்தார். அவரோடு வெளியேறியவர்களில் ஹாரல்ட் வில்ஸன் ஒருவர். அடுத்த வருஷம் சர்ச்சிலின் சர்க்கார் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் விதித்தது. வில்ஸன் பிரதம மந்திரியானதும் 1965-இல் அதை எடுத்தார். பணமுடை நேர்ந்தபோது 1968-இல் அவருடைய சர்க்காரே மீண்டும் விதித்தது! வேல்ஸ் 2007-லும், வட அயர்லாந்து 2010-லும், ஸ்காட்லாந்து 2011-லும் மருந்துக் கட்டணத்தை நீக்கிவிட்டன. இங்கிலாந்தில் 2024 மே மாதம் முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுன். ஆயினும் குழந்தைகள், அறுபது வயதானவர்கள், ஏழைகள் முதலியோருக்கு விலக்கு உண்டு. மருந்துகளில் பத்தில் ஒன்பது பங்கு அங்கே கட்டணமின்றித்தான் போகிறது.

இந்தச் சேவை தேசத்தையே தின்றுவிடும் என்ற கூக்குரலை விசாரிக்கக் கில்லபோ என்னும் பொருளாதார அறிஞரின் தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தார்கள். 1956-இல் அக்கமிட்டி வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்கச் செய்தது. 1949-50-இல் தேசிய வருமானத்தில் 3¾ சதவீதமாயிருந்த செலவு 1953-54-இல் 3¼ சதவீதமாகக் குறைந்திருந்தது.

அப்படியானால் விலை எங்கே போயிற்று? பணமாக வாங்காததைக் காலமாக வாங்கினார்கள். குடும்ப டாக்டர் சீட்டுக் கொடுத்தாலன்றி நிபுணரைப் பார்க்க இயலாது. சீட்டுக் கிடைத்தாலும் முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியலில் சுமார் 77 லட்சம் சிகிச்சைகள் இருந்தன. முழங்கால் வலியோடு மாதக்கணக்கில் காத்திருக்கும் முதியவரிடம் "உமக்கு வைத்தியம் இலவசம்" என்று சொன்னால் அவர் என்ன விடை சொல்வார்? வசதியுள்ளவரோ பக்கவாசல் வழியே போய்விடுகிறார்.

பின்னும் கடினமான விலை ஒன்று உண்டு. அது "இல்லை" என்ற சொல். எந்தப் புது மருந்து அதன் விலைக்குத் தக்க பலன் தரும் என்று ஆராய 1999-இல் பிரிட்டனில் ஒரு நிலையம் ஏற்பட்டது. மருந்து ஒன்று நலமான ஓராண்டு வாழ்வை அளிக்க 20,000 முதல் 30,000 பவுன் வரையில் ஆகுமானால் ஏற்கலாம், மிஞ்சினால் தயங்கவேண்டும் என்பது அது பல வருஷங்கள் கைக்கொண்ட அளவுகோல். மனித ஆயுளைத் தராசில் வைப்பதா என்று நெஞ்சு பதறுகிறது. ஆனால் ஒரு மருந்துக்கு அள்ளிக் கொடுத்த பணம் வேறெங்கோ ஒரு பிரசவ விடுதியிலோ குழந்தைகள் வார்டிலோ குறையத்தானே வேண்டும்?

நாமும் இந்த விலையில் ஒரு பங்கு கொடுத்திருக்கிறோம். சுதந்திரத்துக்குப் பின் 1950, 1960-களில் நம் தேசத்துக் கல்லூரிகளில் பொதுப் பணத்தில் பயின்ற டாக்டர்கள் பலர் பிரிட்டன் சென்றனர். அங்குள்ள டாக்டர்கள் போக விரும்பாத தொழில் நகரங்களிலும், முதியோர் வார்டுகளிலும், வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் அவர்கள் பணி புரிந்தார்கள். சென்னையிலும் கொழும்பிலும் படித்த தமிழர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் தொண்டு பெருமைக்குரியது. ஆனால் அவர்களைப் படிக்கவைத்த செலவு பிரிட்டனின் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை.

இத்தனை குறைகளையும் கண்டு, இலவச வைத்தியமே வீண் என்று முடிவு கட்டலாமா? அமெரிக்காவைப் பாருங்கள். பிரிட்டன் 2023-இல் தன் உற்பத்தியில் ஏறக்குறைய 11 சதவீதத்தை வைத்தியத்துக்குச் செலவிட்டது; அமெரிக்கா செலவிட்டது 17 சதவீதத்துக்கும் மேல். அப்படியும் அங்கே அவ்வருஷத்தில் இரண்டரைக் கோடிப் பேருக்கு எந்தக் காப்பீடும் இல்லை. வரிசை அங்கும் உண்டு. பணமில்லாதவரின் பெயர் அதில் எழுதப்படுவதில்லை, அவ்வளவே.

ஆகவே விலையில்லாத வைத்தியம் உலகத்தில் எங்கும் இல்லை. வரியாகவோ, கட்டணமாகவோ, காத்திருப்பாகவோ, மறுப்பாகவோ யாரேனும் கொடுத்தே ஆகவேண்டும். யார் கொடுப்பது, எந்த வேளையில் கொடுப்பது என்பதே தேசத்தின் முன் உள்ள கேள்வி. உடம்பு நன்றாயிருக்கும்போது எல்லோரும் சேர்ந்து கொடுப்பது மேல் என்பதே நம் அபிப்பிராயம். நோயில் விழுந்தபோது ஒருவர் தனியே கொடுப்பதைவிட அது எவ்வளவோ நியாயமானது. ஆனால் அப்படிக் கொடுக்க விரும்பும் ஜனங்களிடம் மந்திரிகள் "இலவசம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக்கூடாது. வரி எவ்வளவு, வரிசை எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதைக் கேட்கும் உரிமை, வரி கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டு.