தும்பியிடம் பேசியவன் யார்?

1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தின் அரசவைக் காட்சியை வசனம் பிசகாமல் ஒப்பிக்கக் கூடியவர்கள் இன்றும் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். தருமியாக நாகேஷ், இறைவனாக சிவாஜி கணேசன், நக்கீரராக இயக்குநர் ஏ.பி.நாகராஜன். பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, இல்லையா என்பதுதான் வழக்கு. கதை படத்துக்கு வெகுகாலம் முந்தியது. தருமிக்கு இறைவன் பொற்கிழி அருளியதை அப்பரே திருப்புத்தூர்த் தாண்டகத்தில் பாடியிருக்கிறார். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அது தனிப் படலமாக விரிந்தது.

சச்சரவுக்குக் காரணமான பாட்டு, இறையனார் பெயரில் உள்ள குறுந்தொகை இரண்டாம் பாடல். கதையை ஒதுக்கிவிட்டுப் பாட்டை மட்டும் படித்தால், அந்த அவையில் ஒருவரும் எழுப்பாத கேள்வி ஒன்று முன்னால் வந்து நிற்கிறது. இதைச் சொல்வது யார், யாரிடம் சொல்கிறார்?

சொல்பவன் ஒரு காதலன். அவன் பேசுவது ஒரு தும்பியிடம். நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா என்று கேட்கிறான். என் மனம் குளிர வேண்டும் என்பதற்காகச் சொல்லாதே, கண்டதைச் சொல் என்றும் சேர்த்துக்கொள்கிறான். பாட்டின் அடியில் உள்ள பழைய உரைநடைக் குறிப்பு மேலும் ஒரு செய்தி தருகிறது. முதல் சந்திப்பில் நாணத்தால் ஒடுங்கி நிற்கும் பெண்ணின் கூச்சத்தைப் போக்க, தன் அன்பு தெரியும்படி அவள் அழகைப் பாராட்டுகிறானாம். அப்படியானால் தும்பி ஒரு சாக்கு. அவன் சொல் போய்ச் சேர வேண்டிய காது, பக்கத்தில் நிற்கும் அவளுடையது. பூக்களையெல்லாம் நுகர்ந்து பழகிய தும்பியை நடுநிலைச் சாட்சியாக அழைக்கிறவன், தான் நடுநிலையில் இல்லை என்பதையும் அறிந்தே இருக்கிறான்.

நக்கீரர் வாதிட்டது, கூந்தலைப் பற்றிப் புலவர் நிலைநாட்டிய ஒரு பொது உண்மையோடு. பாட்டில் இருப்பதோ, ஒருத்தியின் கூந்தலைப் பற்றி ஒருவன் கேட்கும் கேள்வி. கடவுளே எதிரில் நின்றபோதும் பின்வாங்காத நக்கீரரின் நெஞ்சுரத்தைத் தமிழ்நாடு காலங்காலமாகப் போற்றுகிறது, போற்றவும் வேண்டும். ஆனாலும், காதலன் வாயில் பிறந்த சொல்லைப் புலவரின் கொள்கையாக எடுத்துக்கொண்ட வாசிப்பு அது. இன்றைய வகுப்பறைகளிலும் இதே வாசிப்பு நடக்கிறது. 'இப்பாடலில் கவிஞர் என்ன கூறுகிறார்' என்ற வினாவில் பேசுகிற ஆள் காணாமல் போய்விடுகிறார்.

இவ்வளவுக்கும், பேசுகிறவரைத் தேடிப் பிடிப்பதற்கான இலக்கணம் தமிழில் மிகத் தொன்மையானது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது. மாத்திரை, அசை, சீர் என்ற ஓசைக் கணக்குகளோடு கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன. இந்த இடத்தில் இந்தப் பேச்சு இன்னாருக்கு உரியது என்று குறிப்பால் உணரவைப்பதற்கு 'முன்னம்' என்றே தனி உறுப்பு. யாருக்குப் பேச உரிமை இல்லை என்பதும் வகுக்கப்பட்டிருக்கிறது. ஊரார், அயலார், பெண்ணின் தந்தை, தமையன் ஆகியோர் அகப்பாட்டில் நேரடியாக வாய் திறப்பதில்லை. அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். பெண்ணின் காதலைத் தடுக்கும் அதிகாரம் படைத்தவர்களுக்குக் காதல் பாட்டில் குரல் இல்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்க ஏற்பாடு.

இந்த முறையில் படித்தால், பலமுறை கேட்டுப் பழகிய பாட்டும் வேறு முகம் காட்டும். தேவகுலத்தார் பாடிய குறுந்தொகை மூன்றாம் பாடலில், மலைநாட்டுக்காரனோடு தனக்குள்ள நட்புக்கு நிலமும் வானமும் நீரும் ஈடாகா என்கிறாள் ஒருத்தி. தனியே படித்தால் பூரிப்பில் பொங்கிய பேச்சு என்று தோன்றும். குறிப்பைச் சேர்த்துப் படித்தால் அங்கே மூன்று பேர் இருக்கிறார்கள். வேலிக்கு அப்பால் காதலன் மறைந்து நிற்கிறான். அவன் சீக்கிரம் மணம் பேச வர வேண்டும் என்பதற்காகத் தோழி அவனைக் குறை சொல்கிறாள். தலைவி அவனுக்காகப் பரிந்து பேசுகிறாள்.

இப்போது தோழியின் வசவை அவளுடைய வெறுப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. அது இந்தக் காதல் கல்யாணத்தில் முடிய வேண்டுமே என்ற கவலை. தலைவி எடுத்த அளவுகோல்கள் ஏன் அவ்வளவு பெரியவை என்பதும் விளங்குகிறது. யாரோ ஒருவர் அந்த உறவைச் சிறுமைப்படுத்திப் பேசியதால்தான் அவளுக்கு உலகத்தையே துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. தோழிக்குச் சொல்லும் பதில் வேலிக்கு வெளியே நிற்பவனுக்கும் கேட்கிறது. இவ்வளவு பெரிதாக நம்பும் பெண்ணை எத்தனை நாள் காக்கவைப்பாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டதாகவே அவன் உணர்வான்.

இன்னும் கூர்மையான பாட்டு எட்டாவது. ஆலங்குடி வங்கனார் பாடியது, பேசுகிறவள் ஒரு பரத்தை. மனைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, அந்த மனைவிக்கு வேண்டியவர்களின் காதில் விழும்படி பேசுகிறாள். எங்களிடத்தில் பெரிய வீறாப்புப் பேசியவன், தன் வீட்டில் மகனின் தாய் சொன்னபடி கண்ணாடிக்குள் தெரியும் உருவம்போல் கையையும் காலையும் தூக்குகிறான் என்கிறாள்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஏளனம். அவன் ஊரை அவள் வருணிக்கும் விதத்தில் மற்றொன்று மறைந்திருக்கிறது. வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் கனியைப் பொய்கையில் உள்ள வாளைமீன் கவ்வுகிறது. மீன் மரம் ஏறவில்லை, கனியைப் பறிக்கவில்லை. அது தானாக விழுந்தது. அவனை நான் வளைத்துப் போடவில்லை என்ற வழக்காடலை அவள் ஓர் இயற்கைக் காட்சிக்குள் வைத்துவிட்டாள். உரைகாரர்கள் 'உள்ளுறை' என்பது இதைத்தான். எதிராளியை மனைவி என்று சொல்லாமல் மகனின் தாய் என்று குறிப்பதையும் விட்டுவிடக் கூடாது. அவனை வீட்டோடு கட்டிப்போடும் அந்த உரிமை தனக்குக் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஏளனத்துக்கு அடியில் அந்த வலி இருக்கிறது. பரத்தையருக்கும் நியாயம் பேச இடம் கொடுத்த மரபு என்பதற்கு இந்த ஒரு பாட்டே போதும்.

குறிப்புகளை அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. அவை பாட்டின் பகுதி அல்ல, பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. செம்புலப்பெயனீரார் பாடிய 40-ஆம் பாடல் நல்ல சோதனை. திருமண அழைப்பிதழ்களில் அச்சாகும் பாட்டு அது. 'இருவர்' (1997) படப்பாடல் ஒன்றிலும் அதன் சாயல் உண்டு. காதலன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய பெண்ணின் முகமாற்றத்தைக் கண்டு அவன் சொன்னது என்கிறது குறிப்பு. ஆனால் பேசுவது ஆணா பெண்ணா என்று காட்டும் ஒரு சொல்கூடப் பாட்டுக்குள் இல்லை. உன் தாய், என் தாய், உன் தந்தை, என் தந்தை, நீ, நான் என்றே போகிறது.

அவன் சொன்னதாகக் கொண்டால் அது தேறுதல். அவள் சொன்னதாகக் கொண்டால், முன்பின் தெரியாதவனோடு இப்படிக் கலந்துவிட்டோமே என்ற வியப்பும் சற்றே அச்சமும். இரண்டுக்கும் பாட்டு இடம் தருகிறது. குறிப்பு சொல்வது, ஊன்றிப் படித்த பழைய வாசகர் ஒருவரின் முடிவு. அதற்குரிய மதிப்பைக் கொடுத்து, பாட்டோடு ஒட்டுகிறதா என்று உரசிப் பார்ப்பதே முறை. ஏ.கே.ராமானுஜன் 1967-இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தபோது நீண்ட குறிப்புகளை விட்டுவிட்டு, 'அவன் சொன்னது', 'அவள் சொன்னது', 'தோழி சொன்னது' என்பவற்றையே தலைப்பாக்கினார். திணையும் துறையும் அறியாத அயல்நாட்டு வாசகருக்கு வேறு எது இல்லாவிட்டாலும் பேசுபவர் யார் என்பது தெரிந்தாக வேண்டும் என்று அவர் கருதியது சரியான முடிவு.

அகப்பாட்டில் இன்னார் என்று ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதனால்தான் கபிலர் என்ற ஆண், குறுந்தொகை 25-இல் குருகு மட்டுமே சாட்சியாக இருந்த களவை எண்ணிக் கலங்கும் பெண்ணாகப் பேச முடிந்தது. அந்தக் கலக்கத்தைக் கபிலரின் வாழ்க்கையில் யாரும் தேடுவதில்லை. பெண்பாற் புலவர் என்றால் மட்டும் அந்தத் தேடல் தொடங்கிவிடுகிறது. வெள்ளிவீதியாரின் பாடல்கள் அவருடைய சொந்தப் பிரிவுத் துயரம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது அகநானூறு 147-ஆம் பாடல். வெள்ளிவீதியைப் போல நானும் அவரைத் தேடிப் போகத் துணிந்தேன் என்று அதில் வருகிறது. பாடியவர் ஔவையார். ஆனால் அந்தச் சொற்களைச் சொல்பவள், பிரிந்து போனவனை நினைத்து ஏங்கும், பெயரில்லாத ஒரு தலைவி. வெள்ளிவீதியாரின் வாழ்க்கையைப் பற்றி அதிகம் பேசப்படும் இந்தச் சான்றும் கற்பனைப் பெண் ஒருத்தியின் வாய்மொழியாகவே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஔவையார் அறிந்த உண்மையா, அந்தத் தலைவி கேள்விப்பட்ட கதையா என்பதைத் தீர்க்க, முதலில் அவளுடைய நிலையிலிருந்து அந்தப் பாட்டை முழுவதும் படித்தாக வேண்டும்.