வைகைக் கரை உடைந்த கதை: களிமண்ணில் செய்து பாருங்கள்

வைகையில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது பாண்டியன் உத்தரவு. ஆளில்லாத பிட்டுக்காரக் கிழவி வந்திக்காகச் சிவனே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டைத் தின்று, மண் சுமந்து, பிரம்படி பட்டார். அந்த அடி மன்னன் முதுகிலும் விழுந்தது. இதை நினைவுகூர ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் மீனாட்சி சுந்தரேசுவரர் புட்டுத்தோப்புக்கு எழுந்தருளுகிறார்கள். இந்தக் கதையோடு தொடர்புடைய மாணிக்கவாசகரும் திருவாதவூரிலிருந்து வந்து சேர்கிறார்.

மெசபொத்தேமியாவின் கில்கமேஷ் காவியத்திலும் வெள்ளக் கதை உண்டு. அந்தக் கதை எழுதப்பட்ட, நினிவேயில் கிடைத்த களிமண் பலகையை 1872-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் படித்தறிந்தார். அதில் உத்னபிஷ்டிம் கப்பல் கட்டித் தப்புகிறான். நீர் வடிந்ததா என்றறியப் புறாவைப் பறக்கவிடுகிறான், பிறகு தகைவிலானை, கடைசியில் அண்டங்காக்கையை. கிரேக்க வெள்ளக் கதையில் தியூக்காலியனும் பெட்டகத்தில் மிதந்தே பிழைக்கிறான். மதுரைக் கதையில் யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை, கரையை அடைக்கிறார்கள். ஆற்றையும் கண்மாயையும் நம்பிய ஊருக்கு இதுவே பொருத்தமான கதை.

மாணவர்களே, மேசையில் களிமண் இருக்கிறது. மூன்றில் ஒரு கதையை எடுத்து, ஒரே ஒரு காட்சியை வடியுங்கள். வந்தியின் பிட்டுக் கூடையாகவும் இருக்கலாம், திரும்பிவந்த புறாவாகவும் இருக்கலாம். செய்ததை இங்கேயே உலரவிட்டுச் செல்லுங்கள். அடுத்து வருபவர்கள் பார்க்கட்டும்.