பூச்செண்டும் பூவன் தாரும்

‘‘அண்ணே, கடையில எல்லாம் சொல்லாதே. என் பொக்கேயை நீயே கட்டிக் குடுத்துடு!’’

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தங்கை இப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். நானோ திண்டிவனத்தில் ஆபீஸ் ஃபைலுக்கு டேக் கட்டுகிற ஆசாமி! அப்பா இல்லை. விழுப்புரம் சர்ச்சில் அவள் கையைப் பிடித்து ஆல்டர் வரை அழைத்துப் போகிற பொறுப்பும் எனக்குத்தான். அதை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. இதில் பொக்கே வேறு!

முதல் சிக்கல், பூ. நம் ஊர்க் கடைகளில் பூ என்றால் உதிரி, இல்லாவிட்டால் முழம். பொக்கேக்கோ நீளக் காம்பு வேண்டும். கட்டுக்கு 20 வீதம் வருகிற ஓசூர் ரோஜாவில் ஒரு கட்டு வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, ‘‘எதுக்குடா தொடப்பம் கட்டறே?’’ என்றாள்.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. பூக்களை நேராக அடுக்கக் கூடாது சார்! முதல் பூவை இடது கையில் பிடித்து, அடுத்ததைச் சாய்வாக மேலே வைக்கணும். ஒவ்வொரு பூவுக்கும் செண்டைக் கொஞ்சம் திருப்பி, அதே சாய்வில் சேர்த்துக்கொண்டே போனால் தலைப்பக்கம் குடை மாதிரி விரியும். காம்புகள் ஒன்றையொன்று தாண்டுகிற இடத்தில் இறுக்கிக் கட்டினால் போதும். வாழைநாரால் கட்டி, மேலே சாட்டின் ரிப்பன் சுற்றிவிட்டால் நார் யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது?

இங்கிலாந்தில் 1858-ல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகள் கல்யாணச் செண்டில் ‘மிர்ட்டில்’ என்ற வாசனைத் தழையைச் செருகினாராம். அரச குடும்பத்து மணப்பெண்கள் இன்றும் அதை விடவில்லை. நம் மருக்கொழுந்து மட்டும் என்ன இளப்பமா? அதையும் வாங்கினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் இரண்டு கட்டு ரோஜா, காம்போடு சம்பங்கி எல்லாம் வந்து இறங்கின. காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டினேன். வெளியே வெட்டினால் காற்று புகுந்து, தண்ணீர் ஏறுகிற வழி அடைத்துக்கொள்ளும். ஒரு கட்டு ரோஜாவை ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இன்னொரு வாளிக்கு அங்கே இடமில்லை, முற்றத்திலேயே விட்டேன்.

விடியற்காலை நாலு மணி. கதவைத் திறந்தால், ரோஜாக்கள் எல்லாம் தலை தொங்கி, தரையெல்லாம் இதழ்! எனக்குக் கை கால் ஓடவில்லை. மல்லிகை கொண்டு வந்த பூக்கார அக்கா உள்ளே பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

‘‘என்னா தம்பி, பழுக்கிற தாருகிட்ட யாராச்சும் பூவை வெப்பாங்களா?’’

விருந்துக்கு வாங்கிய இரண்டு பூவன் தார்கள் மூலையில் மஞ்சளாய்ச் சிரித்தன! பழுக்கிற பழம் எத்திலீன் வாயுவை வெளியே விடும். மூட்டம் போடும்போது புகையில் வருவதும் அதுதான். காயைப் பழுக்க வைக்கிற அதே வாயு பூவைக் கிழவியாக்கிவிடுகிறது. முற்றத்து வாளியில் இருந்தவை மட்டும் ஜம்மென்று இருந்தன.

மிஞ்சியது 20 ரோஜா. இடைவெளியைச் சம்பங்கியும் மருக்கொழுந்தும் அடைத்தன. விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். வேன் குலுங்கும்போதெல்லாம் மடியில் இருந்த வாளியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

சர்ச் வாசலில் செண்டைக் கொடுத்தபோது தங்கை ஒன்றும் சொல்லவில்லை. முகர்ந்து பார்த்தாள், என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நடந்தோம்.

விருந்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா விசாரித்தார்: ‘‘வாசனையா இருக்கே... எந்தக் கடையில வாங்கினீங்க?’’

தங்கை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். ‘‘திண்டிவனத்துல ஒரு கடைங்க பெரியம்மா. இன்னிக்கோட மூடிட்டாங்க!’’