கரப்பான்பூச்சியால் இயக்குநர் ஆனவர்

மெக்சிகோ எல்லையோரம் ஒரு மலிவான லாட்ஜ் அறை. அமெரிக்காவுக்குள் போக விசா கிடைக்காமல் காத்துக்கிடக்கும் அகதி ஒருவன் கட்டிலில் படுத்திருக்கிறான். சுவரில் ஒரு கரப்பான்பூச்சி ஊர்கிறது. கையிலிருக்கும் குச்சியால் அதை மறித்து, எல்லை அதிகாரியின் தோரணையில், எங்கே போகிறாய், விசா இருக்கிறதா என்று அதட்டுகிறான்.

1941இல் வெளிவந்த 'ஹோல்ட் பேக் த டான்' படத்துக்காக பில்லி வைல்டரும் சார்ல்ஸ் பிராக்கெட்டும் எழுதிய காட்சி இது. படத்தில் இதைப் பார்க்க முடியாது. பதில் சொல்லாத பூச்சியோடு நான் ஏன் பேச வேண்டும் என்று கதாநாயகன் சார்ல்ஸ் போயர் மறுத்துவிட்டார். இயக்குநர் மிட்செல் லெய்சனும் தலையாட்டிவிட்டார். தன் எழுத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தானே இயக்குவதுதான் வழி என்று முடிவெடுத்தது இதனால்தான் என்று வைல்டர் பிற்காலத்தில் பல முறை சொல்லியிருக்கிறார்.

அந்தக் காட்சி போனது அவரை அவ்வளவு வாட்டியதற்குக் காரணம் உண்டு. அது அவருடைய சொந்தக் கதை. 1906இல், இன்று போலந்தில் இருக்கும் சுகா என்ற சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் வைல்டர். வியன்னாவில் பத்திரிகை நிருபர், பெர்லினில் கதாசிரியர் என்று வளர்ந்தவர், 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிசுக்குத் தப்பினார். 1934இல் ஹாலிவுட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. விசா காலம் முடிந்ததால் எல்லை தாண்டி மெக்சிகாலி நகரில் இருந்த அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்குப் போனார். கையில் போதுமான காகிதங்கள் இல்லை. என்ன வேலை செய்கிறாய் என்று அதிகாரி கேட்டார். சினிமாவுக்குக் கதை எழுதுகிறேன் என்றார் இவர். நல்லதாக எழுது என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார் அந்த அதிகாரி. 1988இல் ஆஸ்கர் மேடையில் தால்பெர்க் விருது வாங்கியபோது, பெயர்கூட நினைவில்லாத அந்த மனிதருக்கு வைல்டர் நன்றி சொன்னார். ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட வைல்டரின் தாய் நாஜிகளின் இனப்படுகொலைக்குப் பலியானார்.

அன்றைய ஸ்டுடியோவில் எழுத்தாளர் மாதச் சம்பளக்காரர் மாதிரிதான். பாராமவுண்டில் நூறு பேருக்கு மேல் ஒப்பந்தத்தில் இருந்ததாகவும், வியாழக்கிழமைதோறும் பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்றும் வைல்டர் நினைவுகூர்ந்திருக்கிறார். கொடுத்த பக்கத்தை யார் மாற்றினாலும் கேட்க முடியாது; படப்பிடிப்புத் தளத்தில் எழுத்தாளரைக் கண்டாலே பலருக்கு ஆகாது. இந்தச் சுவரை முதலில் உடைத்தவர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். இயக்கும் வாய்ப்புத் தந்தால் போதும் என்று தன் கதையை வெறும் 10 டாலருக்குக் கொடுத்து, 1940இல் 'த கிரேட் மெக்கின்டி'யை இயக்கினார். அடுத்த ஆண்டு ஜான் ஹ்யூஸ்டன். 1942இல் 'த மேஜர் அண்ட் த மைனர்' மூலம் வைல்டர்.

வசனத்தைக் காப்பாற்ற வந்தவர்தான். ஆனால் அவர் படங்களில் நெஞ்சில் நிற்பவை பெரும்பாலும் பேச்சே இல்லாத பொருள்கள். 1944இல் வந்த 'டபுள் இண்டெம்னிட்டி'யை எடுத்துக்கொள்வோம். துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லரோடு சேர்ந்து எழுதியது. அறைக்குள் இருவரும் ஓயாமல் சண்டை போட்டார்கள். கதையில் ஒரு காப்பீட்டு முகவர், ஒரு பெண்ணின் பேச்சுக்கு மயங்கி அவள் கணவனைக் கொல்கிறான். அவனுடைய அலுவலக நண்பர் கீஸ் சுருட்டுப் பிரியர். அவரிடம் தீக்குச்சி இருப்பதே இல்லை. ஒவ்வொரு முறையும் இவன்தான் கட்டைவிரல் நகத்தில் குச்சியை உரசிப் பற்றவைக்கிறான். கடைசியில் இவன் குண்டடிபட்டு வாசற்படியில் சரிந்து கிடக்கும்போது, வாயிலிருக்கும் சிகரெட்டுக்கு கீஸ் குனிந்து நெருப்பு வைக்கிறார். அதற்குப் பிறகு, கொலைகாரன் நச்சுவாயு அறையில் சாவதாகப் பெரும் செலவில் ஒரு காட்சி எடுத்திருந்தார்கள். ஒரு தீக்குச்சியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதால் அதை வைல்டர் வெட்டி எறிந்தார்.

குடிநோயாளியின் நான்கு நாட்களைச் சொன்ன 'த லாஸ்ட் வீக்கெண்ட்' (1945) அவருக்கு இயக்கம், திரைக்கதை இரண்டுக்கும் ஆஸ்கர் வாங்கித் தந்தது. அதில் மதுக்கடை மேசையில் கண்ணாடிக் குவளை விட்டுப்போன ஈர வளையங்கள் ஒவ்வொன்றாகப் பெருகிக்கொண்டே போகும். எத்தனை குவளை உள்ளே போயிற்று என்று யாரும் சொல்லத் தேவையில்லை. 1950இல் 'சன்செட் புல்வார்ட்', ஸ்டுடியோ உலகமே தன் பழைய நட்சத்திரங்களை எப்படித் தூக்கி வீசியது என்று காட்டியது. அத்தோடு பிராக்கெட்டுடனான கூட்டு முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த 'ஏஸ் இன் த ஹோல்' ஓடவில்லை. குகையில் சிக்கியவனின் உயிரைப் பரபரப்புச் செய்தியாக்கி, மீட்பு வேலையை இழுத்தடிக்கும் நிருபனின் கதை. செய்திக்காக ஊரே கேமராவோடு அலையும் இந்தக் காலத்தில் அதைப் பார்ப்பவர்களுக்கு அதன் அருமை புரியும்.

பின்னாளில் ஐ.ஏ.எல். டயமண்ட் துணைக்கு வந்தார். டயமண்ட் தட்டச்சுப் பொறியின் முன்னால், வைல்டர் கையில் பிரம்போடு அறைக்குள் நடந்தபடி. எழுதியதில் ஒரு சொல்லையும் நடிகர்கள் மாற்றக் கூடாது. போயர் கற்றுத் தந்த பாடம் அப்படி. 1959இல் 'சம் லைக் இட் ஹாட்', 1960இல் 'தி அபார்ட்மென்ட்' என்று அடுத்தடுத்து இந்த ஜோடி கொடுத்தது.

என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் 'தி அபார்ட்மென்ட்'தான். மேலதிகாரிகள் தங்கள் கள்ள உறவுகளுக்குப் பயன்படுத்திக்கொள்ள, பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டு வீட்டுச் சாவியைக் கொடுக்கும் குமாஸ்தா பாக்ஸ்டர். ஒருநாள் வீட்டில் யாரோ விட்டுச்சென்ற பவுடர் டப்பா கிடைக்கிறது. உள்ளே கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. அன்று வீட்டைப் பயன்படுத்திய மேலதிகாரியிடம் அதைத் திருப்பிக் கொடுக்கிறான். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தன்று, மனசுக்குள் அவன் நேசிக்கும், அலுவலக லிஃப்டை இயக்கும் பெண்ணிடம் தன் புதுத் தொப்பியைக் காட்டுகிறான். முகம் பார்த்துக்கொள் என்று அவள் தன் பவுடர் டப்பாவை நீட்டுகிறாள். திறக்கிறான். விரிசலில் அவன் முகம் இரண்டாகத் தெரிகிறது. அவள் யார், தன் வீட்டுக்கு யாரோடு வந்துபோனாள் என்பதெல்லாம் அந்த ஒரு நொடியில் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. எழுத்தாளர் கொண்டுவந்த கண்ணாடி, இயக்குநர் காட்டிய முகம். இதில் எது யார் வேலை என்று பிரிக்கவே முடியாது. அந்தப் படத்துக்காக ஒரே இரவில் மூன்று ஆஸ்கர்களைக் கையில் வாங்கினார்.

1981இல் கடைசிப் படம். 2002இல் 95ஆவது வயதில் மறைந்தார். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள அவர் கல்லறையில் தன்னை எழுத்தாளர் என்றுதான் குறிப்பிட்டிருக்கிறார். இயக்குநர் என்ற சொல் அங்கே இல்லை.

'தி அபார்ட்மென்ட்' கிடைத்தால் பாருங்கள். பவுடர் டப்பா காட்சி வந்ததும், இன்னொரு முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாக்ஸ்டராக நடித்த ஜாக் லெமனின் கண்களும் அந்த விரிசலும் போதும், கதை புரியும்.